காய்ச்சல் வலிப்பும் எங்கள் வீட்டுத் தேக்கரண்டியும்



இதை எழுதுவதா விடுவதா என்று எங்கள் வீட்டில் இரண்டு கிழமையாக ஒரே கதை. மாமிக்கு விருப்பமில்லை. "பொம்புளப் புள்ள. நாளைக்கு ஒரு இடத்துக்குக் குடுக்கிற நேரம் இதத் தோண்டி எடுப்பாங்க" என்பது அவரது பயம். மகளின் பெயரும் படமும் போடமாட்டோம் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் சம்மதித்தார். மகளுக்கு இப்போது மூன்றரை வயது. முதல் தடவை நடந்தபோது ஒன்றரை.

அன்று காலையிலிருந்து மூக்கு ஒழுகியது, அவ்வளவுதான். அஸருக்குப் பிறகு உடம்பு சுட்டது. மஃரிபுக்கு பாங்கு சொல்லும் நேரம் பாயில் கிடந்த பிள்ளையின் கண் மேலே செருகியது. கை கால் விறைத்தது, பிறகு வெட்டி வெட்டி இழுத்தது. வாயோரம் நுரை, உதடு நீலம். பிள்ளை மௌத்தாகப் போகிறாள் என்றே நினைத்தோம். கண்டவர்களுக்குத் தெரியும், அந்த நேரத்தில் வேறு நினைப்பு வராது.

நாங்கள் இருவரும் ஆசிரியர்கள். கலாசாலையில் முதலுதவிப் பயிற்சி எடுத்தவர்கள். சான்றிதழ் இன்னும் ஃபைலில் இருக்கிறது. அன்று அதில் ஒரு சொல்லும் ஞாபகத்துக்கு வரவில்லை. ஆளுக்கொரு பக்கமாகக் கையையும் காலையும் அமுக்கிப் பிடித்தோம். மாமி திறப்புக் கொத்தைக் கொண்டுவந்து பிள்ளையின் உள்ளங்கையில் வைத்தார். வந்து கூடியவர்கள் "நாக்கக் கடிச்சிரும், நாக்கக் கடிச்சிரும்" என்று சத்தம் போட்டார்கள். ஆனால் தேக்கரண்டியை எடுத்துப் பல்லுக்கிடையில் செருகியது மாமியுமில்லை, அயலவருமில்லை. படித்த நாங்கள்தான். இரத்தம் வந்தது.

போர்வையால் சுற்றிக்கொண்டு ஓட்டோவில் ஏறினோம். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வலிப்பு நின்றிருந்தது, பிள்ளை நல்ல தூக்கம். மிஸ்ஸி முதலில் போர்வையைக் கழற்றினார். ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து வாயோரத்தைத் துடைத்தார். விரலில் குத்தி சீனி பார்த்தார். காய்ச்சல் அளந்தார், 39.4. பிறகு கேட்டார்: "எத்தின நிமிசம் வலிச்சது?" யாரும் மணி பார்க்கவில்லை. "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இழுத்ததா?" தெரியாது. "வாயில ஏன் இரத்தம்?"

அதற்கு மட்டும் பதில் இருந்தது. கீழ் முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. அவர் ஏசவில்லை. "நாக்கு கடிபட்டா ஆறிரும். பல்லு உடைஞ்சு தொண்டைக்குள்ள போயிருந்தா?" என்று கேட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். ஏசியிருந்தால் இலேசாக இருந்திருக்கும்.

வாட்டில் இரண்டு இரவு. அந்த இரண்டு இரவும் எங்களுக்குள் வாய்விட்டுச் சொல்லாத ஒரு சண்டை. பனடோல் நேரத்துக்குக் கொடுத்திருந்தால் இது வந்திராதே, யார் கொடுக்காமல் விட்டது? இரண்டாம் நாள் டொக்டரிடம் கேட்டே விட்டோம். பரசிட்டமோல் பிள்ளையின் உடல் நோவைக் குறைக்கும், வலிப்பைத் தடுக்காது என்றார். பல பிள்ளைகளுக்குக் காய்ச்சல் இருப்பதே வலிப்பு வந்த பிறகுதான் தெரியவருமாம். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரையான பிள்ளைகளில் 100 பேருக்கு 2 முதல் 5 பேருக்கு இது வருகிறது. அநேகமாக ஐந்து நிமிடத்துக்குள் தானாகவே நிற்கும். மூளை பழுதாவதில்லை, படிப்பு மந்தமாவதில்லை. மூன்றில் ஒரு பிள்ளைக்குத் திரும்ப வரலாம். ஊரில் காக்கா வலிப்பு என்று சொல்வது வேறு. சாதாரண காய்ச்சல் வலிப்பு வந்த பிள்ளைக்குப் பின்னாளில் அது வரும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைவிடக் கொஞ்சம்தான் கூட. அன்று இரவுதான் நாங்கள் இருவரும் முகம் பார்த்துக் கதைத்தோம்.

மிஸ்ஸி எங்களுக்குப் பாடம் எடுத்தது மருந்து அளவில். எதால் அளக்கிறீர்கள் என்று கேட்டார். தேக்கரண்டியால் என்றோம். அதே கரண்டி! வயதைப் பார்த்தல்ல, நிறையைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம். மகள் அப்போது 10 கிலோ, அப்படியென்றால் 150. எங்களிடம் இருந்த சிரப்பில் 5 மில்லி லீற்றரில் 120 இருந்தது. ஆறேகால் மில்லி லீற்றர் தேவை, நாங்கள் அதுவரை அரைவாசியும் கொடுக்கவில்லை. போத்தலுக்குப் போத்தல் செறிவு மாறும், லேபலைப் பார்க்காமல் ஊற்றக் கூடாது. ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளைக்கு நான்கு தடவைக்கு மேல் இல்லை. ஊசியில்லாத சிறிஞ்ச் ஒன்றை அவரே தந்தார். ஐஸ் தண்ணீரால் துடைக்க வேண்டாம் என்றார், பிள்ளை நடுங்கினால் உள்சூடு கூடத்தான் செய்யும். காய்ச்சல் இறங்கவில்லையென்று பின்பக்கம் வைக்கும் மருந்தையும் ஐபுப்ரோஃபனையும் நீங்களாக வாங்கிக் கொடுக்கவே வேண்டாம் என்றார். டெங்கு என்றால் அவை இரத்தப் பெருக்கைக் கூட்டும். நம்மூரில் எந்தக் காய்ச்சல் டெங்கு என்று முதல் நாள் யாரால் சொல்ல முடியும்?

எட்டு மாதம் கழித்து, ஒரு நள்ளிரவில் திரும்ப வந்தது. நெஞ்சு அடித்த அடி அதே அடிதான். ஆனால் பாயில் ஒரு பக்கமாகச் சரித்தோம், தலைக்கடியில் துவாய் வைத்தோம், கழுத்துப் பொத்தானைக் கழற்றினோம். அமுக்கவில்லை. வாயில் ஒன்றும் வைக்கவில்லை. ஃபோனில் நேரம் ஓடவிட்டோம். ஐந்து நிமிடம் தாண்டினால் 1990 அம்புலன்ஸ் என்று பேசி வைத்திருந்தோம். ஒரு நிமிடம் ஐம்பது செக்கனில் நின்றது. மாமி திறப்புக் கொத்தைத் தன் கையிலேயே பிடித்துக்கொண்டு ஓதிக்கொண்டு நின்றார். நாங்களும் ஓதினோம். ஓட்டோவில் போகும்போதும் ஓதலாம்தானே. நின்றுவிட்டது என்று வீட்டில் இருக்கவில்லை. கழுத்து விறைக்கிறதா, ஒரு பக்கம் மட்டும் இழுத்ததா, பிள்ளை தெளிவாக முழிக்கிறதா என்று பார்க்க வேண்டியது டொக்டர், நாங்களல்ல.

இந்த வருடம் மகளை முன்பள்ளியில் சேர்த்தோம். சொல்ல வேண்டாம் என்று மாமி கெஞ்சினார். சொன்னோம். வலிப்பு வந்தால் என்ன செய்வது என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தோம். முதல் வரி, "வாயில் எதையும் வைக்க வேண்டாம்." டீச்சர் வாசித்துவிட்டு இன்னும் இரண்டு கொப்பி கேட்டார். எதற்கு என்றோம்.

"இன்னும் ரெண்டு உம்மாமார் காதோட காதாச் சொல்லியிருக்காங்க. யாருக்கும் சொல்ல வேணாமாம்."

மாமியிடம் வந்து சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் புள்ளைகளும் பொம்புளப் புள்ளைகளா?" என்று கேட்டார்.