காருக்குப் பிறகு பிறந்த என்ஜின்

அமெரிக்காவில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் விற்கிறவர்கள் விளம்பரத்தின் முதல் வரியிலேயே 'மேட்சிங் நம்பர்ஸ்' என்று போட்டுவிடுவார்கள். காரின் நம்பரும் என்ஜினின் நம்பரும் பொருந்துகின்றன. தொழிற்சாலையிலிருந்து எந்த என்ஜினோடு வெளியே வந்ததோ, இன்றைக்கும் அதே என்ஜினோடுதான் நிற்கிறது என்று அர்த்தம். நம்மூர் ஜாதகப் பொருத்தம் மாதிரிதான். பொருந்தினால் ஒரு விலை, பொருந்தாவிட்டால் வேறு விலை. சில கார்களில் அந்த இரண்டு விலைக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசத்துக்கே ஒரு புதுக் கார் வாங்கிவிடலாம்.

என் மச்சானுக்கு, அதாவது என் மனைவியின் அண்ணனுக்கு, 1969-ம் வருடத்து செவர்லே கார்வெட் மீது ஒரு கண். ஒஹையோவுக்குப் படிக்க வந்த புதிதில் ஒரு சிக்னலில் பக்கத்தில் வந்து நின்றதாம். பச்சை விழுந்ததும் காணாமல் போய்விட்டதாம். அதை முப்பத்தைந்து வருடமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்று, கடைசி பெண்ணின் கல்யாணமும் முடிந்த பிறகு, "மாப்ள, இப்ப வாங்கலைன்னா எப்ப?" என்று ஆரம்பித்தார். "இடுப்பு வலிக்காரருக்குத் தரையோட தரையா இருக்கிற கார் எதுக்கு?" என்று அக்கா கேட்ட கேள்விக்கு மட்டும் இன்றுவரை அவரிடம் பதில் இல்லை.

என்னை அழைத்ததற்குக் காரணம் உண்டு. என்ஜின் பாகங்கள் கடையும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனையில்தான் என் காலம் போனது. இரும்பின் மேல் எந்த மெஷின் என்ன கோடு போடும் என்பது தெரியும். இந்த விஷயத்தில் அது உதவும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம்மூரில் ஆர்.சி. புத்தகத்தைத் திறந்தால் சேஸிஸ் நம்பர், என்ஜின் நம்பர் இரண்டும் இருக்கும். என்ஜினை மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் சொல்லிப் பதிவை மாற்ற வேண்டும். அமெரிக்காவில் காரின் உரிமைப் பத்திரத்தில் வாகன எண் மட்டும்தான். என்ஜின் நம்பருக்கு அதில் இடமே இல்லை. ஜாகுவார் இ-டைப் மாதிரி கார் என்றாலாவது கம்பெனியின் பழைய ஏட்டைப் பார்த்து, இந்தக் காரில் போனது இந்த என்ஜின் என்று சான்றிதழ் தருவார்கள். அந்தக் காலத்து கார்வெட்டுக்கு அப்படி ஒரு வசதி இல்லை. 1967 முதல் ஆர்டர் தாளின் ஒரு பிரதியைப் பெட்ரோல் டேங்க்கின் மேல் ஒட்டி அனுப்பினார்கள். அது மட்கிப் போகாமல் இருந்தால் என்ன மாடல் என்ஜின் கேட்டு வாங்கினார்கள் என்று தெரியும். அதைப் படிக்க டேங்க்கையே இறக்க வேண்டும். ஆகவே எல்லாம் வாங்குகிறவர் தலையில். இரும்பில் குத்தியிருப்பதைப் படிக்கத் தெரிந்தால் பிழைத்தோம்.

படிக்க வேண்டிய இடங்கள் மூன்று.

காரின் எண், டிரைவர் பக்கம் முன் கண்ணாடியின் ஓரத்துத் தூணில் இருக்கும். வெளியே நின்றே பார்க்கலாம். 1969 திறந்த கூரை மாடல் என்றால் 19467 என்று ஆரம்பிக்கும். அடுத்த 9 வருடம். அடுத்து எஸ் என்ற எழுத்து, செயின்ட் லூயிஸ் தொழிற்சாலை. கடைசி ஆறு இலக்கம் அந்தக் காரின் வரிசை எண். அந்த மாடல் வருடத்தில் 38,762 கார்வெட்கள் செய்தார்கள்.

இரண்டாவது, என்ஜின். பானட்டைத் திறந்து, பயணி பக்கத்து சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் பார்த்தால், பெல்ட்டுக்கும் குழாய்களுக்கும் நடுவில், இரண்டு விரல் அகலத்துக்குச் சமதளமாக ஒரு மேடை இருக்கும். அதில் இரண்டு வரிசை எழுத்து. ஒன்று என்ஜின் தொழிற்சாலையில் குத்தியது. உதாரணமாக டி, 0312, எல்எம். டி என்றால் நியூயார்க் மாநிலத்து டொனவாண்டா. 0312 என்றால் மார்ச் 12. எல்எம் என்றால் 427 கன அங்குலம், 390 குதிரைத்திறன், கையால் கியர் போடுகிற மாடல். சின்ன என்ஜின்கள் மிச்சிகன் மாநிலத்து ஃபிளின்ட்டில் செய்தவை. அவற்றுக்கு டி-க்குப் பதில் வி. இன்னொரு வரிசை, கார் கூடிய செயின்ட் லூயிஸில் குத்தியது. 19, எஸ், பிறகு காரின் அதே ஆறு இலக்கம். இதுதான் தாலி.

மூன்றாவது இடத்தைப் பலர் பார்ப்பதில்லை. என்ஜின் பிளாக்கின் பின்பக்கம், கியர்பாக்ஸோடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில், வார்க்கும்போதே புடைப்பாக வந்த எழுத்துகள் இருக்கும். வார்ப்பு எண் ஒன்று, வார்த்த தேதி ஒன்று. தேதியில் ஏ என்றால் ஜனவரி, பி என்றால் பிப்ரவரி, இப்படியே எல் வரை. அடுத்து நாள், அடுத்து வருடத்தின் கடைசி இலக்கம். புடைப்பு எழுத்தை மாற்றுவது, குத்திய எழுத்தை மாற்றுவதைவிடப் பல மடங்கு கஷ்டம். அதனால்தான் அங்கே உண்மை அதிகம்.

வரிசை இப்படி வர வேண்டும்: முதலில் பிளாக் வார்த்த தேதி, பிறகு என்ஜின் கூட்டிய தேதி, பிறகு கார் வெளியே வந்த தேதி. இதில் ஒன்று முன்பின்னாக இருந்தாலும் கதை கந்தல்.

நாங்கள் பார்த்த முதல் கார் பக்கத்து மாநிலத்தில் ஒரு வியாபாரியிடம் இருந்தது. கண்ணாடி மாதிரி சிவப்பு. 350 கன அங்குல என்ஜின். என்ஜின் மேடையில் நம்பர் அப்படியே பொருந்தியது. மச்சான் என் முதுகைத் தட்டினார். எனக்கு அந்த மேடையே பிடிக்கவில்லை.

பிளாக்கின் மேல்முகத்தைச் செதுக்கும்போது அந்த மேடையையும் சேர்த்து ஒரே இழுப்பில் செதுக்குவார்கள். பிரோச்சிங் என்று பெயர். அது முன்னிருந்து பின்னாக மெல்லிய இணைகோடுகளை விட்டுப் போகும், சீப்பால் வாரிய தலை மாதிரி. எழுத்து அந்தக் கோடுகளின் மேல் விழுந்திருக்க வேண்டும். இங்கே கோடே இல்லை. உப்புத்தாளால் தேய்த்த வட்டக் கீறல்கள்தான். அதோடு, இரண்டு ஊரில், இரண்டு ஆட்கள், வேறு வேறு நாளில் குத்திய எழுத்துகள் ஒரே கையெழுத்தாக, ஒரே ஆழமாக இருக்குமா? இருந்தன.

செல்ஃபோன் கேமராவையும் பல் டாக்டர் கண்ணாடி மாதிரி ஒரு சின்னக் கண்ணாடியையும் பின்னால் விட்டுப் பார்த்தேன். வார்ப்பு எண் 3970010. 1969-லும் உண்டு, அதன் பிறகு எழுபதுகள் முழுக்க சாதாரண கார், லாரி என்று எல்லாவற்றிலும் போன பிளாக். தேதி: டி, 18, 4. நான்காவது மாதம், 18-ம் தேதி, 1974. 1969-ல் ஓடிய காருக்கு 1974-ல் வார்த்த என்ஜின்! ஃபோட்டோவைக் காட்டினேன். "என்கிட்ட வரும்போதே இப்படித்தான் இருந்தது" என்றார் வியாபாரி. இருக்கலாம். விளம்பரம் மட்டும் அவர் எழுதியதுதானே?

இந்த வேலையை எதற்காகச் செய்கிறார்கள் என்று புரியாதவர்களுக்கு ஒரு கணக்கு. 1969-ல் எல்88 என்ற பந்தய என்ஜின் போட்ட கார்வெட்கள் மொத்தமே 116. இசட்எல்1 என்ற அலுமினிய என்ஜினோடு வந்தவை இரண்டே இரண்டு. அபூர்வம் எங்கேயோ அங்கே போலியும் இருக்கும். பழுதுபட்ட பிளாக்குக்குப் பதில் வேறு போடுவது குற்றமில்லை. அதில் பழைய நம்பரைக் குத்தி, ஒரிஜினல் என்று சொல்லி விற்றால் அது மோசடி.

ஒரு முக்கியமான விஷயம்: அந்த மேடையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கிளீனர் தெளித்து, மெத்தென்ற துணியால் மட்டும் துடையுங்கள். கம்பி பிரஷ், உப்புத்தாள் கூடவே கூடாது. சாட்சியை நாமே அழித்த மாதிரி ஆகிவிடும்.

இரண்டாவது கார் ஒரு சின்ன ஊரில், எண்பதை நெருங்கும் ஓர் அம்மாவின் வீட்டு ஷெட்டில் இருந்தது. நீல நிறம், திறந்த கூரை, 427 என்ஜின். கணவர் இறந்து இரண்டு வருடம். வீட்டை விற்றுவிட்டு முதியோர் குடியிருப்புக்குப் போகப் போகிறார். அதற்கு முன்பணம் கட்ட இந்தக் கார். விலை 62,000 டாலர். முதல் ஓனர், என்ஜின் திறக்கப்படவே இல்லை, மேட்சிங் நம்பர்ஸ் என்று விளம்பரம் எழுதியவர் அவருடைய மருமகன். "மாமா எப்பவும் அப்படித்தான் சொல்வார்" என்றார்.

பானட்டைத் திறந்தேன். துடைத்தேன். பிரோச் கோடுகள் அச்சு அசலாக இருந்தன. ஆனால் அதன் மேல் டி இல்லை, எல்எம் இல்லை, காரின் நம்பர் இல்லை. சி, இ என்று இரண்டு எழுத்து, ஒரு பூஜ்யம், பிறகு ஐந்து இலக்கம். அவ்வளவுதான்.

வாரன்ட்டி காலத்தில் என்ஜின் போய்விட்டால் செவர்லே கம்பெனியே கொடுத்த மாற்று என்ஜின்களில் குத்துகிற அடையாளம் அது. பூஜ்யம் என்றால் 1970. பின்னால் போய்ப் பார்த்தேன். வார்ப்பு எண் 427-க்குச் சரி. தேதி: பி, 12, 0. 1970 பிப்ரவரி 12. அந்த அம்மா எடுத்து வைத்திருந்த ஃபைலில், கார் வாங்கிய ரசீதில் 1969 மே என்று இருந்தது. கார் வந்து ஒன்பது மாதம் கழித்து வார்த்த என்ஜின்.

எப்படிச் சொல்வது? மச்சான் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, "மாப்ள, நீயே சொல்லிடு" என்று நழுவி விட்டார். நான் ஃபோட்டோக்களைக் காட்டி, ஒவ்வொரு எழுத்தாக விளக்கினேன். மருமகனுக்கு முகம் சிவந்தது. "மாமா பொய் சொல்ற ஆள் இல்ல" என்றார். பிறகு என்னைத் தனியாக ஓரம் கட்டி, "நம்பர் குத்துகிற ஆள் ஒருத்தர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்…" என்று இழுத்தார். நான் பதில் சொல்வதற்குள், "அந்த வேலை என் வீட்டில் வேண்டாம்" என்று ஷெட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. காது நன்றாகவே கேட்கிறது அந்த அம்மாவுக்கு.

அவர் ஒன்றும் அழவில்லை. ஃபைலை முழுதாகப் புரட்டச் சொன்னார். ரசீதுகளுக்கு நடுவில் மடித்து வைத்த ஒரு தாள்: 1970 ஏப்ரல், வாரன்ட்டியில் என்ஜின் மாற்றிய வேலைச் சீட்டு. கட்டணம் பூஜ்யம். உடனே கணவரின் தம்பிக்கு ஃபோன் போட்டார். ஸ்பீக்கரில் அந்தப் பெரியவர் சிரித்து முடிக்கவே ஒரு நிமிடம் ஆனது. ஊருக்கு வெளியே இரவில் பந்தயம் விடுகிற வழக்கமாம். கியரைத் தப்பாகப் போட்டு என்ஜின் சிதறியதாம். பந்தயம் என்று தெரிந்தால் வாரன்ட்டி கிடைக்காது. அதனால் அண்ணன் யாரிடமும் மூச்சு விடவில்லை. பிறகு அப்படியே பழகிவிட்டது.

"எங்களுக்குக் கல்யாணம் ஆனது 1972-ல்" என்றார் அந்த அம்மா. "அப்படியானால் நான் உட்கார்ந்து போனதெல்லாம் இந்த என்ஜினில்தான்."

விலைப் பேச்சு அன்றைக்கு முடியவில்லை. ஒரிஜினல் என்ஜின் இல்லாத கார், அதே சமயம் கம்பெனியே கொடுத்த மாற்று, அதற்குக் கையில் காகிதமும் இருக்கிறது. இப்படிப்பட்டதற்குக் கடையில் போய் விலை கேட்க முடியாது. 47,000-க்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று நான் சொன்னேன். மருமகன் 55-க்குக் கீழே இறங்கவில்லை. முதியோர் குடியிருப்புக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்று மச்சான் அந்த அம்மாவிடம் கேட்டார். வியாபாரத்தில் கேட்கக் கூடாத கேள்வி. 51,000-ல் முடிந்தது. நாலாயிரம் அதிகம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். மச்சானிடம் சொன்னால் பேச்சை மாற்றிவிடுகிறார்.

பணம் கொடுப்பதற்கு முன்னால் இன்னொரு முறை போய், காரை ஜாக்கியில் தூக்கி, கியர்பாக்ஸையும் பார்த்தோம். அதிலும் காரின் நம்பரைக் குத்துவது வழக்கம். துடைத்துப் பார்த்தால் 19, எஸ், ஆறு இலக்கம். அச்சாகப் பொருந்தியது. அந்த அம்மா அதைக் கொழுந்தனாருக்கு ஃபோனில் சொன்னார்.

"அதை மட்டும் எப்படி விட்டு வைத்தான்?" என்று அந்தப் பெரியவர் கேட்டது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.