அப்பாவுக்குள் ஒரு அரைப்புள்ளி

விக்கிரமசிங்கபுரம் என்று முழுசாகச் சொன்னால் எங்கள் பஸ் கண்டக்டரே ஒரு விநாடி யோசிப்பார். வி.கே.புரம் என்றால் டக்கென்று டிக்கெட்டைக் கிழிப்பார். இப்படிச் சுருக்கமே பிழைப்பாக உள்ள ஊரில் பிறந்ததாலோ என்னவோ, கம்ப்யூட்டரிலும் எனக்குப் பெரிய பெரிய சாஃப்ட்வேர்களைவிட சில்லறை சமாசாரங்கள் மீதுதான் பிரியம்.

நான் பி.காம். ஆகவே டாலி தெரியும். எங்கள் பக்கம் பி.காம். முடித்த பையனைப் பார்த்தால் 'சாப்பிட்டியால?' என்பதற்கு முன்னால் 'டாலி தெரியுமால?' என்றுதான் கேட்பார்கள். பெங்களூரில் கோயங்கா என்ற வியாபாரி தன் கணக்கு வழக்கைப் பார்க்க உருப்படியாக ஒரு சாஃப்ட்வேர் கிடைக்காமல் மகனிடம் சொல்ல, மகன் எழுதிக் கொடுத்ததிலிருந்து 1986-ல் பிறந்த சமாசாரம் அது. மௌஸைத் தொடாமலேயே ஒரு நாள் வவுச்சர் அத்தனையும் போட்டு முடித்துவிடலாம். அப்பா கேட்டு மகன் செய்து கொடுத்த இன்னொரு காரியத்தைப் பின்னால் சொல்கிறேன். அது இவ்வளவு லாபகரமானதல்ல.

அடுத்து வின்ரார். நாற்பது நாள் ஓசி. நாற்பத்தோராம் நாள் 'தயவுசெய்து வாங்கிக்கொள்ளுங்கள்' என்று ஒரு பெட்டி வரும். மூடினால் போய்விடும். மறுநாளும் வரும். மறுநாளும் மூடலாம். எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சிகூட இத்தனை பொறுமையாகப் பாக்கி கேட்டதில்லை. ஆறு வருஷம் மூடினேன். ஏழாம் வருஷம் மனசாட்சி உறுத்தி, காசே கேட்காத செவன்-ஜிப்புக்கு மாறிவிட்டேன். வாங்கியிருக்கலாமே என்கிறீர்களா? மனசாட்சிதான் உறுத்தியது, பர்ஸ் உறுத்தவில்லை.

வி.எல்.சி.யைப் பற்றி யாராவது குறை சொன்னால் சண்டைக்கு வருவேன். பாரிஸ் காலேஜ் பையன்கள் 1996-ல் ஆரம்பித்தது. ரோட்டில் பள்ளம் தோண்டினால் வைப்பார்களே, அந்த ஆரஞ்சு கூம்புதான் அடையாளம். டிசம்பர் கடைசியில் அதற்கு கிறிஸ்துமஸ் தாத்தா குல்லாவும் மாட்டிவிடுவார்கள். சித்தப்பா கல்யாண சி.டி.யில் பாதி கீறல். மற்றதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்ள, இது மட்டும் தாலி கட்டுகிற வரை ஓட்டிக் காட்டியது.

'உங்கள் கம்ப்யூட்டரில் 847 பிழைகள்! உடனே சுத்தம் செய்யுங்கள்!' என்று அலறும் ரகங்கள் சில உண்டு. நம்பி ஒன்றைப் போட்டேன். சுத்தம் செய்தது. அதற்கப்புறம் பிரிண்டர் வேலை செய்யவில்லை.

நோட்பேடுக்கு வருகிறேன். இந்த உலகத்தில் எதையும் அலங்கரிக்காமல் உள்ளதை உள்ளபடி காட்டும் ஒரே ஜீவன். அதுதான் போன மாதம் என்னை வியர்க்க வைத்தது.

2007-ல், ப்ளஸ் டூ முடித்த லீவில், ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் தமிழ் டைப்பிங் படித்தேன். வீட்டுக்கு ஒரு பழைய கம்ப்யூட்டரும் வந்தது. பழகுவதற்கு எதையாவது அடிக்க வேண்டுமே என்று அப்பாவைப் பேசச் சொல்லி அடித்தேன். அப்பா மில் தொழிலாளி. ஹார்வி சகோதரர்கள் 1880-களில் பாபநாசம் அருவித் தண்ணீரின் வேகத்தை நம்பிக் கட்டிய மில். ராத்திரி ராத்திரியாக அப்பா சொல்ல, பதினோரு பக்கம் வந்தது. அப்புறம் காலேஜ், வேலை, கல்யாணம். ஃபைல் மட்டும் சி.டி., பென்டிரைவ், லேப்டாப் என்று வீடு மாறிக்கொண்டே இருந்தது. திறந்து பார்க்கவில்லை. 2018-ல் அப்பா தவறிவிட்டார்.

இந்த வருஷம் தெவசத்துக்கு வந்த அக்கா, "அதப் பிரிண்ட் எடுத்து அம்மாட்ட குடுல" என்றாள். திறந்தேன். பதினோரு பக்கமும் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்து. வேர்டில்தான் கோளாறு என்று நோட்பேடில் போட்டேன். அதிலும் அதே கந்தல். கடைக்குக் கொண்டுபோனேன். பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "வைரஸ்ணே. ஃபார்மட் பண்ணிருவோம்" என்றான். பேப்பரில் பிரதி கிடையாது. அப்பா குரலை யாரும் பதிவு செய்ததில்லை. சரி என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் முதல் சொல்லைக் கவனித்தேன்.

எம், ஜி, அரைப்புள்ளி, ஜி, ஹெச்.

முதலில் எம்.ஜி.ஆரைப் பற்றி ஏதோ என்றுதான் நினைத்தேன். பிறகு விரல் தானாக நகர்ந்தது. சென்டரில் அடித்து அடித்துப் பழகியது பாமினி எழுத்துரு. அதில் எம் என்றால் அ. ஜி என்றால் ப. அரைப்புள்ளி தலைமேல் புள்ளி. மறுபடி ப. ஹெச் என்றால் கால்.

அப்பா!

விஷயம் இவ்வளவுதான். அந்தக் காலத்து எழுத்துருக்களில் பாதி, ஆங்கில எழுத்துக்குத் தமிழ் முகமூடி மாட்டியவை. உள்ளே எம் இருக்கும், வெளியே அ தெரியும். புது லேப்டாப்பில் பாமினி இல்லை, முகமூடி கழன்றுவிட்டது. யூனிகோடில் இந்தக் கூத்து இல்லை. அ-வுக்கென்று தனி எண். 1991-லேயே தமிழுக்கு அதில் இடம் ஒதுக்கியாகிவிட்டது. விண்டோஸ் 2000-த்தில் லதா என்ற எழுத்துருவே கூட வந்தது. ஏழு வருஷம் கழித்தும் நான் பாமினியில் அடித்துக்கொண்டிருந்தேன் என்பது என் மேதாவித்தனம்.

பாமினியை மறுபடி ஏற்றினால் போதும்தான். ஆனால் அடுத்த லேப்டாப்பில் அதே கதை. எழுத்தையே மாற்றிவிடுவதுதான் உத்தமம். என்.எச்.எம். கன்வெர்ட்டர் என்று ஒன்று. நியூ ஹொரைசன் மீடியா சும்மாவே கொடுத்தது. அவர்களுடைய என்.எச்.எம். ரைட்டரில்தான் பிற்பாடு நான் தமிழ் 99-க்கு மாறினேன். (ஒரே மெய்யெழுத்தை இரண்டு தடவை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். 'அப்பா'வுக்குப் புள்ளிச் செலவே இல்லை.) கன்வெர்ட்டரில் 'பாமினியிலிருந்து யூனிகோட்' என்று தேர்ந்தெடுத்து ஒரு தட்டு. மூச்சு விடுவதற்குள் பதினோரு பக்கமும் தமிழாக நின்றது.

அம்மாவுக்குக் கண் சரியில்லை. நான்தான் வாசித்தேன். மூணாம் ஷிப்ட் முடிந்து வரும்போது புருவத்தில் ஒட்டியிருக்கும் பஞ்சு, அதோடேயே நேரே ஆற்றுக்குப் போய் முங்குவது, சங்கு ஊதினால் தூக்கத்திலும் கால் சைக்கிளைத் தேடுவது... அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

மூன்றாம் பக்கத்தில் தடுக்கியது. 'நான் முப்பத்திரண்டு வருஷம் அடைடயில் வேலை பார்த்தேன்.'

அடைடயா?

பதினெட்டு வயசுச் சோம்பேறித்தனம். மில் என்ற சொல்லை மட்டும் அங்கங்கே ஆங்கிலத்திலேயே அடித்திருக்கிறேன். கன்வெர்ட்டர் பாவம், எது ஆங்கிலம், எது முகமூடி என்று அதற்கு எப்படித் தெரியும்? எம்முக்கு அ, எல்லுக்கு ட என்று அதையும் தமிழாக்கி 'அடைட' ஆக்கிவிட்டது. அடைட கேட், அடைட சங்கு, அடைட கேன்டீன். பதினாலு இடம்.

விளக்கம் சொன்னதும் அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "உங்க அப்பா இருந்தா இன்னும் சிரிச்சிருப்பாவ" என்றாள்.

கன்ட்ரோலையும் ஹெச்சையும் அமுக்கினால் பதினாலையும் ஒரே அடியில் திருத்திவிடலாம். கையைக் கொண்டுபோனேன்.

"இருல. அந்த அடைட கேன்டீனு வருமே, அத இன்னொரு தடவ வாசி" என்றாள் அம்மா.