தணிகையிலிருந்து செல்விக்கு

திருத்தணி,
ஆடிக் கிருத்திகை

அன்புள்ள செல்வி,

சரவணப் பொய்கைக் கரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நகரி, புத்தூர் பக்கமிருந்து புஷ்பக் காவடிகள் ஓயாமல் வருகின்றன. தமிழும் தெலுங்கும் கலந்து ஒரே அரோகரா. குளத்தில் முங்கி எழுந்து, ஈரத்துணியோடு 365 படியும் ஏறுகிறார்கள்.

நான் வெகுநேரம் நின்று பார்த்தது குடிநீர்த் தொட்டிகளைத்தான். சுகாதாரத் துறைப் பெண்மணி ஒருவர் குழாய்த் தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து, சில சொட்டு மருந்து விட்டார். தண்ணீர் மஞ்சளாகியது. அந்த மஞ்சளைக் கையிலிருந்த நிற அளவோடு ஒப்பிட்டு நோட்டில் குறித்துக்கொண்டார். அடுத்த தொட்டித் தண்ணீரில் நிறமே ஏறவில்லை. குளோரின் இல்லை என்று அர்த்தம். உடனே குழாயை அடைக்கச் சொல்லி, பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றவைத்தார். வரிசையில் நின்ற மொட்டைத் தலைகள் சத்தம் போட்டன. அவர் மசியவில்லை, அரை மணி கழித்துத்தான் திறந்தார்கள்.

கூட்டம் கூடினால் கூடவே காலராவும் வரும் என்று பட்டுத் தெரிந்துகொண்ட மண் இது. 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொது சுகாதாரச் சட்டத்தில் சந்தை, திருவிழாக்களுக்கென்றே தனி அத்தியாயம் உண்டு.

நீ தொண்டுப் பணிக்குத் தெற்கு சூடான் போவதை நினைத்து அம்மா எபோலா, எபோலா என்று கலங்குகிறார்கள். அந்தப் பயம் நியாயம்தான். 2014-இல் லைபீரியாவில் நோயாளிகளைக் கவனித்த அமெரிக்கத் தொண்டு மருத்துவர் கென்ட் பிராண்ட்லிக்கே அது தொற்றியது, நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். ஆனால் எனக்கு அதைவிட மனதை அறுப்பது ஹைதி. 2010 ஜனவரி பூகம்பத்தில் நொறுங்கிக் கிடந்த நாடு அது. அங்கே அக்டோபரில் காலராவைக் கொண்டுசேர்த்தது ஐ.நா. அமைதிப்படையின் நேபாள முகாம். முகாமின் மலக்கழிவு ஓடையில் கலந்து ஆர்டிபோனைட் ஆற்றுக்குப் போனது. அந்த ஆற்றுத் தண்ணீரைத்தான் ஊர்கள் குடித்தன. ஏறக்குறைய 10,000 பேர் செத்தார்கள். ஐ.நா. பொதுச்செயலர் பான் கி மூன் மன்னிப்புக் கேட்க 2016 டிசம்பர் ஆயிற்று. வந்தவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தோடு வரவில்லை. கிளம்புமுன் அவர்களைப் பரிசோதிக்கவில்லை, கழிப்பிடக் குழாயைச் சரியாகப் போடவில்லை, அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ எனக்கு ஆறவே இல்லை.

மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொள்ளலாம். பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போடு; பாஸ்போர்ட்டை மறக்காதே. ஊசி போட்டதும் தரும் மஞ்சள் அட்டை உனக்காக மட்டும் இல்லை. அந்தக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. ஒரு நோயாளி வந்திறங்கினால் போதும். அட்டையில்லாமல் அங்கிருந்து திரும்பினால் ஆறு நாள் வரை தனிமையில் வைப்பார்கள், வைக்கவும் வேண்டும். மலேரியா மாத்திரையைத் திரும்பிய பிறகும் சொன்ன நாள்வரை விழுங்கு. வந்தபின் காய்ச்சல் கண்டால் எந்த டாக்டரிடமும் முதல் வார்த்தையாக எங்கிருந்து வந்தாய் என்பதைச் சொல்லிவிடு. இல்லையென்றால் டெங்கு என்றே நினைத்துக்கொள்வார்.

உன் அமைப்புக்காரர்களிடம் இந்த வாரமே ஒன்று கேள். நீங்கள் தங்கப்போகும் முகாமின் கழிவு எங்கே போகிறது, அதை யார் போய்ப் பார்க்கிறார்கள்? என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
கௌரி