கெப்பாலா பத்தாஸ் சந்தையில் ஒரு கட்டு கீரை

ஜார்ஜ்டவுனில் ஏறிய படகு பட்டர்வொர்த் துறையை நெருங்கும்போதே பெரியம்மாவிடமிருந்து அழைப்பு வந்துவிடும். "எங்கப்பா இருக்கே? சந்தையில கீரை தீர்ந்துடும், சீக்கிரம் வா." மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இப்படித்தான் தொடங்கும். பட்டர்வொர்த்திலிருந்து வடக்கே பேருந்தில் சுமார் அரை மணி நேரம். அடுக்குமாடிகளும் தொழிற்சாலைகளும் பின்தங்க, சாலையோரம் வயல்கள் தலைகாட்டத் தொடங்கினால் கெப்பாலா பத்தாஸ் வந்துவிட்டது என்று பொருள்.

மலாய் மொழியில் 'கெப்பாலா' என்றால் தலை. 'பத்தாஸ்' என்றால் எல்லை. வயல் வரப்பையும் அப்படித்தான் சொல்வார்கள். எனக்கு வரப்பு என்ற பொருளே பிடிக்கும். நாட்டின் ஐந்தாவது பிரதமர் துன் அப்துல்லா அகமது படாவி 1978 முதல் 2013 வரை நாடாளுமன்றத்தில் பிரதிநிதித்த ஊர் இது. ஆனாலும் கொக்குகள் இன்னும் வரப்பில்தான் நிற்கின்றன. 19-ஆம் நூற்றாண்டில் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு நம்மவர்கள் வந்தார்கள். கரும்பு போய் ரப்பர் வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பெரியம்மா பால்வெட்டிய தலைமுறை. இப்போது வயது 68, தாமான் வீட்டில் தனியாக இருக்கிறார்.

சந்தையில் அவருக்கு முதல் வேலை மலாய் மக்சிக்குகள் தரையில் பரப்பி வைத்திருக்கும் உலாம் கட்டுகளைப் பார்ப்பது. வல்லாரை, முந்திரிக் கொழுந்து, சர்க்கரைவள்ளிக் கொழுந்து, பப்பாளி இலை, புதினா, செராய் என்று இங்கே எல்லோரும் சொல்லும் எலுமிச்சைப்புல். ஓரத்தில் ஒரு கட்டு 'சம்புங் ஞாவா'. உயிரை நீட்டிப்பது என்று பெயரிலேயே உறுதிமொழி கொடுக்கும் கீரை அது. பக்கத்துக் கடையில் நம் ஆள் ஒருவர் வெற்றிலையை ஈரத்துணியில் சுற்றி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் ரத்தக்குழாய்க்கு நல்லதுப்பா" என்றபடி பெரியம்மா நான்கு கட்டு வாங்கினார்.

மாத்திரை டப்பா

வீட்டில் பசியாறியதும் புதிதாக வாங்கி வந்திருந்த ரத்த அழுத்தக் கருவியை அவர் கையில் கட்டினேன். 172-க்கு 98. ஐந்து நிமிடம் உட்கார வைத்து மறுபடி எடுத்தேன். 170-க்கு 98.

"மாத்திரை சாப்பிட்டீங்களா?"

பதில் இல்லை. அலமாரியைத் திறந்தால் மாத்திரை அட்டைகள் பிரிக்கப்படாமல் இருந்தன. ஆறு வாரமாக நிறுத்தியிருக்கிறார். அவற்றின் அருகில் பாதி காலியான ஒரு டப்பா. பச்சைப் பொடி. மேலே பெரிய எழுத்தில் 'ஆன்டிஆக்சிடன்ட்' என்றும், ஏதோ ஒரு பழத்தைவிடப் பல மடங்கு சக்தி என்றும் போட்டிருந்தது.

"நீதானே தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்தே? இயற்கையானதுன்னு சொன்னியே. அப்புறம் எதுக்கு மாத்திரை?"

ஒரு கண்காட்சியில் 120 ரிங்கிட் கொடுத்து வாங்கியது நான்தான். வாய் அடைத்துப்போனது. நம் நாட்டில் பெரியவர்களில் 10 பேரில் 3 பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பதாக 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வு சொன்னது. அவர்களில் ஒருவரின் மருந்தை நிறுத்தியதில் எனக்கும் பங்கு இருந்தது.

மோதிரம் போல் நறுக்கிய குழாய்

அன்று மதியம் அவர் தூங்கும்போது படிக்க உட்கார்ந்தேன். ஆச்சரியம், பெரியம்மா சொன்னதில் ஒரு பாதி உண்மை.

நம் ரத்தக்குழாயின் உள்பக்கம் ஒரே ஓர் உயிரணு அளவே தடிமனான படலம் இருக்கிறது. 1980-இல் அமெரிக்காவின் ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் பெருந்தமனியை மோதிரம் போல் நறுக்கித் தொங்கவிட்டுச் சோதித்தபோது, இந்தப் படலம் சிதையாமல் இருந்தால்தான் சில மருந்துகளுக்குக் குழாய் தளர்கிறது என்று காட்டினார். படலம் அனுப்பும் சேதியின் பெயர் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு என்பது பிறகு தெரிந்தது. அந்தக் கண்டுபிடிப்புக்காக அவருக்கும் மேலும் இருவருக்கும் 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. குழாய் தளர்ந்தால் அழுத்தம் குறையும். படலம் பழுதானால் குழாய் இறுகும், கொழுப்பு படியும்.

அதே மோதிரச் சோதனையை நம் ஊர் இலைகளுக்கும் செய்திருக்கிறார்கள். மலேசிய, ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சேர்ந்து 2004-இல் வெளியிட்ட ஆய்வு அது. ஒன்பது தாவரச் சாறுகளை எலியின் ரத்தக்குழாயில் சோதித்தார்கள். பட்டியலைப் பார்த்ததும் காலையில் நடந்த சந்தை கண்முன் வந்தது: சர்க்கரைவள்ளி இலை, வெற்றிலை, முந்திரி இலை, பப்பாளி இலை, புதினா, எலுமிச்சைப்புல். பல சாறுகள் குழாயைத் தளர்த்தின. படலத்தை நீக்கிவிட்டுச் செய்தால் பெருந்தமனியில் அந்த வேலை பெரிதும் நடக்கவில்லை. அதாவது, இலைகள் நைட்ரிக் ஆக்சைடு வழியாகத்தான் அங்கே பேசின.

அந்த ஆய்வின் இன்னொரு முடிவுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. எந்தச் சாற்றில் பாலிஃபீனால் அதிகம், எதற்கு ஆன்டிஆக்சிடன்ட் திறன் அதிகம் என்றும் அளந்திருந்தார்கள். அந்த அளவுக்கும் குழாய் தளர்ந்த அளவுக்கும் தொடர்பே இல்லை! டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் இருந்ததும், நான் பணம் கொடுத்து வாங்கியதும் அந்த எண்ணைத்தான்.

தாவரங்கள் வெயிலிலிருந்தும் பூச்சிகளிலிருந்தும் தங்களைக் காத்துக்கொள்ளச் செய்யும் பொருள்களே பாலிஃபீனால்கள். தேநீரின் துவர்ப்பும் வாழைப்பூவின் கறையும் அவற்றின் வேலைதான். கண்ணாடிக் குழாயில் அவை ஆக்சிஜன் சேதத்தைத் தடுப்பது உண்மை. ஆனால் நாம் விழுங்கியதில் சிறு பகுதியே ரத்தத்துக்குள் போகிறது. அதுவும் குடலிலும் கல்லீரலிலும் உருமாறிய பிறகு. உணவுகளின் ஆன்டிஆக்சிடன்ட் எண்களைப் பட்டியலிட்டிருந்த தன் தரவுத்தளத்தை அமெரிக்க வேளாண்மைத் துறையே 2012-இல் எடுத்துவிட்டது. அந்த எண்களுக்கும் உடலில் நடப்பதற்கும் தொடர்பு நிரூபணமாகவில்லை, விற்பவர்கள் அவற்றைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று காரணமும் சொன்னது.

பின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பாளர்களிடம் நடந்த ஆய்வு இன்னும் கசப்பானது. ஆன்டிஆக்சிடன்ட் என்று நம்பி பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்தார்கள். 1994-இல் முடிவு வந்தபோது, அதைச் சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடியிருந்தது. காரட் குற்றவாளி அல்ல. காரட்டிலிருந்து ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து அளவுக்கு மீறிக் கொடுத்ததில்தான் சிக்கல்.

பெர்த்தாம் சாலையில்

மாலையில் பெரியம்மாவை நடக்க அழைத்துப் போனேன். ஊரை அடுத்த பெர்த்தாமில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் உயர் மருத்துவ, பல் மருத்துவக் கழகம் இருக்கிறது. வயலுக்குப் பக்கத்தில் ஆய்வுக்கூடம்! சற்றுத் தள்ளிப் போனால் செம்பனை. அந்த மரத்தைப் பற்றியும் அவரிடம் ஒரு கதை சொன்னேன்.

செம்பனைப் பழத்திலிருந்து எண்ணெய் எடுத்த பின் ஆலையில் மிஞ்சும் தண்ணீர் பல காலம் வெறும் கழிவு. அதில் தண்ணீரில் கரையும் பாலிஃபீனால்கள் நிறைய இருக்கின்றன என்று ஆராய்ந்தவர்களை வழிநடத்தியவர் ஒரு தமிழ்ப்பெண். மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் விஞ்ஞானி ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி. அந்தக் குழுவின் விலங்கு ஆய்வுகள் 2011-இல் வெளியாயின. நைட்ரிக் ஆக்சைடு குறைந்த எலிகளின் ரத்த அழுத்தம், முயல்களின் தமனிகளில் படியும் கொழுப்பு ஆகியவற்றில் நல்ல பலன்கள் தெரிந்தன. மனிதர்களிடம் நடந்த முதல் கட்டச் சோதனையின் முடிவு 2018-இல் வந்தது. அதுவும் ஆரோக்கியமானவர்களுக்கு இது பாதுகாப்பானதா என்று பார்ப்பதற்காக மட்டும்.

"பார்த்தீங்களா பெரியம்மா? எலியிலிருந்து மனுசனுக்கு வரவே ஏழு வருசம். நோய் தீருமான்னு அப்புறம்தான் பார்ப்பாங்க."

"அப்போ அந்தப் பொடிக்காரன் மட்டும் எப்படி அன்னைக்கே சொன்னான்?"

இந்தக் கேள்வியை நான் தீபாவளிக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும்.

மனிதர்களிடம் நடந்த பெரிய சோதனை ஒன்றும் இருக்கிறது. அமெரிக்காவில் 21,000-க்கும் மேற்பட்ட முதியவர்களில் பாதிப் பேருக்குத் தினமும் 500 மில்லிகிராம் கொக்கோ பாலிஃபீனால் கொடுத்துச் சராசரியாக மூன்றரை ஆண்டுகள் கவனித்தார்கள். 2022-இல் வந்த முடிவில், இதய, ரத்தக்குழாய் நோய்களால் இறப்பு 27 விழுக்காடு குறைந்திருந்தது. ஆனால் முக்கியமாக அளக்க நினைத்த மொத்தப் பாதிப்புகளில் உறுதியான வேறுபாடு கிடைக்கவில்லை. கதவு திறந்திருக்கிறது, இன்னும் யாரும் உள்ளே நுழையவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

திங்கட்கிழமை

மறுநாள் விடுப்பு எடுத்து அவரைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். டாக்டர் திட்டவில்லை. மாத்திரையை மீண்டும் தொடங்கச் சொன்னார். "கீரை சாப்பிடுங்கம்மா, நல்லதுதான். மருந்துக்குப் பதிலா வேண்டாம்; மருந்தோட சேர்த்துச் சாப்பிடுங்க. பொடி, கசாயம் எது எடுத்தாலும் எங்கிட்ட சொல்லுங்க" என்றார். அதற்குக் காரணம் உண்டு. கிரேப்ஃபுரூட் பழச்சாறு குடித்தால் ஃபெலோடிபின் என்ற ரத்த அழுத்த மாத்திரையின் அளவு ரத்தத்தில் பல மடங்கு கூடுவது 1991-லேயே தெரியவந்தது. தாவரம் என்பதாலேயே அது மருந்தோடு மோதாமல் இருக்காது.

வெற்றிலையைப் பற்றியும் பெரியம்மா கேட்டார். இலையின் சாறு எலியின் குழாயைத் தளர்த்தியது உண்மைதான். ஆனால் அவர் போடுவது வெறும் இலை அல்லவே! பாக்கோடு சேர்த்து மெல்லும் தாம்பூலம், புகையிலை இல்லாவிட்டாலும், புற்றுநோய் உண்டாக்குவது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதிசெய்திருக்கிறது. பாக்கின் மலாய்ப் பெயரான பினாங்கையே பெயராகக் கொண்ட மாநிலத்தில் இதைச் சொல்வது கொஞ்சம் சங்கடம்தான். "இலையை ரசத்துல போடுங்க, பாக்கை விடுங்க" என்றேன். யோசிக்கிறேன் என்றார்.

இது நடந்து மூன்று மாதம் ஆகிறது. சந்தைக் கீரை தொடர்கிறது. உப்பும் கருவாடும் குறைந்திருக்கின்றன. பச்சைப் பொடி டப்பாவைக் கழுவி அதில் மாத்திரை அட்டைகளைப் போட்டு வைத்திருக்கிறார். போன ஞாயிறு அளந்தபோது 138-க்கு 84. பெரியம்மா அந்த எண்ணைக் காலண்டரில் எழுதிவிட்டு, என் கையில் ஒரு கட்டு முந்திரிக் கொழுந்தைத் திணித்தார்.

"உனக்கும் நாற்பது ஆகப்போகுது. உன் கையிலயும் அந்த மெசின கட்டிப் பாரு."

அளந்தேன். 142-க்கு 90. கீரைக்கட்டோடு படகு ஏறினேன். இந்த வாரம் நானும் கிளினிக்குக்குப் போகிறேன்.