சாட்டையும் பளுவும்

இதயம் தளர்ந்தால் அதன் சுருங்கும் ஆற்றலைக் கூட்ட வேண்டும் என்பது எவருக்கும் எளிதில் தோன்றும் தீர்வு. மருத்துவ உலகும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியது.

1785இல் ஆங்கில மருத்துவர் வில்லியம் விதரிங், நீர்கோத்து வீங்கிய நோயாளிகளுக்கு டிஜிட்டாலிஸ் இலை தந்த பயனைப் பதிவுசெய்து நூலாக்கினார். அச்செடியினத்திலிருந்து கிடைத்த டிஜாக்சின், செல்சவ்வின் சோடியம்-பொட்டாசியம் பம்பைத் தடுத்து, இதயத்தசையினுள் கால்சியத்தைப் பெருக்குகிறது. அதனால் சுருக்கம் வலுக்கிறது. டொபுடமின் பீட்டா ஏற்பிகளைத் தூண்டுகிறது. மில்ரினோன் சைக்ளிக் ஏஎம்பி சிதையாமல் காக்கிறது. வழிகள் வேறாயினும் இவையும் கால்சியத்தின் துணையோடே இயங்குகின்றன.

மில்ரினோன் தந்தவுடன் இதயம் வெளியேற்றும் குருதியின் அளவு கூடியது. ஆகவே ஆயுளும் கூடும் என்று எதிர்பார்த்தனர். கடும் இதயச் செயலிழப்புற்ற 1,088 பேரிடம் நடத்தி 1991இல் வெளியான ‘பிராமிஸ்’ ஆய்வு அந்த எதிர்பார்ப்பைத் தகர்த்தது. மில்ரினோன் மாத்திரை உண்டவர்களின் இறப்பு, போலி மாத்திரை உண்டவர்களைவிட 28 விழுக்காடு மிகுந்திருந்தது. ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது.

மேட்டில் திணறும் வண்டிமாட்டைச் சாட்டையால் அடித்தால் நான்கடி விரைந்து நடக்கும், பளு குறையாது. ஏற்கெனவே ஆற்றல் வறண்ட தசை கூடுதலாக உழைக்கையில் ஆக்சிஜன் தேவை ஏறுகிறது. மிகுந்த கால்சியம் உயிர்பறிக்கும் துடிப்புப் பிறழ்வுகளுக்கு இடந்தருகிறது.

இதற்கு நேரெதிரான வரலாறும் உண்டு. தொடக்கத்தில் சுருக்கத்தைத் தணிக்கும் பீட்டா தடுப்பிகளைச் சுவீடன் மருத்துவர்கள் 1975இல் இதயச் செயலிழப்புக்குப் பரிந்துரைத்தபோது பலர் ஏற்கவில்லை. 1999இல் வெளியான இரு பெரும் ஆய்வுகளில் அவை இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தன. டிஜாக்சினோ 6,800 பேரிடம் நடந்த 1997ஆம் ஆண்டு ஆய்வில் ஆயுளை நீட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. மருத்துவமனைச் சேர்க்கையை மட்டும் குறைத்தது.

அளக்க எளிதானதை அளந்துவிட்டு, அறிய வேண்டியதை அறிந்துவிட்டதாக நம்பும் பிழை எல்லா ஆய்வுத்துறைகளிலும் நேரக்கூடியது. இங்கே அதன் விலை மனித உயிர்.

எனினும் இம்மருந்துகள் ஒதுக்கப்படவில்லை. குருதியழுத்தம் வீழ்ந்து உறுப்புகள் செயலிழக்கும் வேளையில் டொபுடமின் உயிரைத் தாங்கிநிற்கிறது. மாற்று இதயத்துக்குக் காத்திருப்பவருக்கு மில்ரினோன் அவகாசம் தருகிறது. வேறு வழியற்ற இறுதிக் கட்டத்தில், ஆயுள் சுருங்கலாம் என்றறிந்தும், மூச்சுத்திணறலின்றிச் சில நாள் வீட்டில் இருக்கவேண்டும் என்று இதை ஏற்போரும் உள்ளனர். அந்நாள்களின் மதிப்பை ஆய்வு அட்டவணை சொல்லாது. அதைச் சொல்லும் உரிமை அவர்களுக்கே உரியது.