காமிராப் பை

காலையில் என்னோடு கடற்கரைச் சாலையில் நடக்க வருகிற நண்பர் ஒருவர், மகன் வாங்கிக் கொடுத்தான் என்று போன மாதம் ஒரு நல்ல காமிராவைக் கொண்டுவந்து காட்டினார். காமிராவைப் பற்றி என்னிடம் கேட்க அவருக்கு ஒன்றும் இல்லை. மகனே எல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டான். "பை மட்டும் நீங்க சொல்லுங்க சார். கடையில பத்து தினுசு காட்டறான்" என்றார். காந்தி சிலையிலிருந்து துய்ப்ளே சிலை வரை போய்த் திரும்பி வந்தும் நான் பேசி முடிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

அவரிடம் முதலில் சொன்னது, கடைக்குப் போனால் வெறும் பையை எடை போட்டுப் பாருங்கள் என்பது. யாரும் செய்வதில்லை. நானும் செய்யவில்லை.

ஓய்வு பெற்று இரண்டு வருடம் கழித்து, 2012 கடைசியில், நிக்கான் டி3200 வாங்கினேன். கூடவே 18-55, 55-200 என்று இரண்டு லென்சு. பிறகு ஒரு 35 மி.மீ. லென்சும் சேர்ந்தது. பை கடைக்காரர் சிபாரிசு. முதுகில் மாட்டுகிற பெரிய பை, கறுப்பு நிறம், பெயர் பெற்ற கம்பெனி. உள்ளே பார்த்தால் பஞ்சு மெத்தை போட்ட அறைகள், அறைக்குள் அறை. காமிரா கீழே விழுந்தாலும் அடிபடாது, மழை பெய்தால் மூடிக்கொள்ள தனி உறை இருக்கிறது, மடிக்கணினிக்கு ஒரு இடம் இருக்கிறது என்று காட்டினார். மடிக்கணினி என்னிடம் கிடையாது. இருந்தாலும் இடம் இருப்பது நல்லதுதானே என்று வாங்கிவிட்டேன். அரசாங்கப் பணத்தில் அலமாரி வாங்கும்போதுகூட நான் இவ்வளவு தாராளமாக இருந்ததில்லை.

ரொம்ப நாள் கழித்து ஒருநாள் அந்தப் பையை மனைவியின் சமையலறைத் தராசில் வைத்தேன். வெறும் பை 1,640 கிராம். அதற்குள் போகிற சாமான்களின் கணக்கு இது: காமிரா பாட்டரியோடு 505 கிராம், லென்சுகள் 265, 335, 200. மொத்தம் 1,305. தூக்குகிற பொருளைவிடத் தூக்குகிற பை கனம்! அதற்கு மேல் சார்ஜர், குட்டி முக்காலி, துடைக்கும் துணி, தண்ணீர் பாட்டில் என்று நாலு கிலோவைத் தொட்டுவிடும். இடம் இருந்தால் நிரப்பத்தான் தோன்றும். பெரிய பையின் குணமே அது.

கனம் ஒரு பக்கம். புதுச்சேரி வெக்கையில் அந்தப் பையை மாட்டினால் பத்து நிமிடத்தில் முதுகு முழுக்க நனைந்துவிடும். படம் எடுக்க வேண்டுமென்றால் நின்று, பையைக் கழற்றி, கீழே வைத்து, சுற்றிலும் ஜிப்பைத் திறந்து எடுக்க வேண்டும். ஊசுட்டேரியில் ஒரு மீன்கொத்தி மீனோடு கிளையில் உட்கார்ந்தது. நான் மூன்றாவது பக்கத்து ஜிப்புக்கு வருவதற்குள் அது மீனைத் தின்று முடித்துவிட்டுப் போயிற்று. வைத்திக்குப்பத்தில் மாசிமகத்துக் கூட்டத்தில் அந்தப் பையோடு திரும்பியதில் ஓர் அம்மாளின் பூத்தட்டைத் தட்டிவிட்டேன். என் முதுகுக்குப் பின்னால் ஒன்றரை அடி நான் நீண்டிருக்கிறேன் என்பது எனக்கே தெரியவில்லை.

ஆக, மெல்ல மெல்ல நடந்தது என்னவென்றால், காமிரா வீட்டிலேயே இருக்க ஆரம்பித்தது. வெளியே கிளம்பும்போது பையைப் பார்ப்பேன், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவேன். பணம் போட்டு வாங்கியது உறுத்தும். பையை நினைத்தால் உறுத்தல் அடங்கிவிடும்.

2014 ஆகஸ்டில் என் அண்ணன் வந்திருந்தார். 1968-ல் பிரான்சு போனவர். என்னைவிட ஆறு வயது மூத்தவர். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் போவோம். எங்கள் பள்ளிக்கூடத்தில் புத்தகப் பையைக் கர்த்தாப்ல் என்றுதான் சொல்வோம். தோல் பை, பித்தளைப் பூட்டு, புத்தகம் இல்லாமலே கனக்கும். நாலு தெரு நடந்ததும் நான் சிணுங்குவேன். அண்ணன் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொள்வார். ஒரு கையில் அவருடையது, இன்னொரு கையில் என்னுடையது. பள்ளி வாசலுக்குச் சற்று முன்னால் திருப்பிக் கொடுத்துவிடுவார், முசே பார்த்தால் என்னைத் திட்டுவார் என்பதால்.

அந்த வருடம் வந்தபோது அவருக்கு ஓர் ஆசை. மேரி கட்டடத்தின் முன்னால் அண்ணியோடு நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: மேரி என்பது மாதா பெயர் இல்லை, நகராட்சி மன்றத்துக்குப் பிரெஞ்சில் அதுதான் பெயர். 1870 வாக்கில் கட்டியது. கடலைப் பார்த்தபடி, வெள்ளைத் தூண்களோடு நிற்கும். அண்ணன் 1967-ல் அங்கேதான் கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். அன்றைக்குப் படம் எடுக்க ஆள் ஏற்பாடு செய்யவில்லை. மாதா கோயிலில் எடுத்த படங்கள் இருக்கின்றன, மேரியில் எடுத்தது ஒன்றுமில்லை.

ஊருக்குத் திரும்புவதற்கு முதல்நாள் சாயங்காலம் கடற்கரைக்குக் கிளம்பினோம். "காமிராவை எடுத்துக்கோ தம்பி" என்றார்.

"அந்தப் பையைத் தூக்கிக்கிட்டு இந்தப் புழுக்கத்திலயா? நாளைக்குக் காலையில எடுத்துக்கலாம்ணே."

"கனமா இருந்தா குடு, நான் தூக்கறேன்."

எழுபத்தொரு வயது, முட்டியில் ஆபரேஷன் ஆனவர். அவரிடம் கொடுப்பதா என்று நான் எடுக்கவே இல்லை. காமிராவை மட்டும் கழுத்தில் மாட்டிக்கொண்டு போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். போயிருக்கலாம். அப்போது தோன்றவில்லை. காமிரா என்றால் பை, பை என்றால் அதற்குள் இருக்கிற அத்தனையும் என்று மனதில் பதிந்துபோயிருந்தது. இணைப்புகள் இல்லாமல் கோப்பை அனுப்பிப் பழக்கமில்லாத ஆள் நான். என் கைபேசி அப்போது பொத்தான் வைத்தது, அதில் எடுத்தால் மனிதனா தூணா என்று தெரியாது.

மேரி எதிரில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். மறுநாள் காலையில் வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். மதியம் அவர்கள் சென்னைக்குக் கார் ஏறிவிட்டார்கள். அடுத்த வருடம் வரும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டோம்.

நவம்பர் 29-ம் தேதி மழையில் மேரி கட்டடம் இடிந்து விழுந்தது. அண்ணனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "படிக்கட்டுமா?" என்று மட்டும் கேட்டார். 2016-ல் அவர் போய்விட்டார். இடையில் ஊருக்கு வர முடியவில்லை. மேரியைப் பழைய அச்சிலேயே திரும்பக் கட்டி 2021-ல் திறந்தார்கள். படம் எடுத்து அண்ணிக்கு அனுப்பினேன். நல்லா இருக்கு என்று பதில் வந்தது, அவ்வளவுதான்.

பையை மாற்றியே தீருவது என்று இறங்கியது அந்த மழைக்குப் பிறகுதான். உடனே நல்லது கிடைத்துவிடவில்லை. குறுக்கே மாட்டுகிற சின்னப் பை ஒன்று வாங்கினேன். நிமிர்ந்து நடந்தால் சுகம், குனிந்தால் சர்ரென்று முன்னால் வந்து தொங்கும். ஒருமுறை செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தபோது, பாதி மூடிய ஜிப் வழியாக 35 லென்சு நழுவி மணலில் விழுந்தது. சிமெண்டாக இருந்திருந்தால் போயிருக்கும். அடுத்து, ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் ஒரு தோள்பை. விலை மலிவு, ஆனால் பட்டை ஒரு அங்குலம்கூட இல்லை. வலது தோளில் மாட்டி மாட்டிக் கழுத்து பிடித்துக்கொண்டது. பிசியோதெரபி செய்த பெண் என்னைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, "பாருங்க சார், பை இல்லாதப்பவும் உங்க வலது தோள் மேலதான் நிக்குது" என்று காட்டினாள். பை நழுவாமல் இருக்கத் தோளைத் தூக்கிப் பிடிப்பது எனக்கே தெரியாமல் பழக்கமாகிவிட்டிருந்தது. பட்டை அகலமாக இருக்க வேண்டும், குறுக்கே மாட்ட வேண்டும், போகும்போது ஒரு தோள் என்றால் வரும்போது மறுதோள் என்று சொல்லி அனுப்பினாள்.

அந்த நாட்களில் காமிராப் பைகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். இங்கிலாந்தில் பில்லிங்கம் என்று ஒரு கம்பெனி. 1973-ல் தொடங்கித் தூண்டில் போடுகிறவர்களுக்குப் பை தைத்துக்கொண்டிருந்தார்கள். சில வருடம் கழித்துப் பார்த்தால், நியூயார்க்கில் அந்தப் பைகளை வாங்குகிறவர்களில் பலர் படக்காரர்களாம்! அதற்குப் பிறகுதான் காமிராவுக்கென்றே தைக்க ஆரம்பித்தார்கள். அமெரிக்காவில் ஜிம் டாம்கி என்று ஒரு பத்திரிகைப் படக்காரர், 1970களின் நடுவில், அப்போதிருந்த பெட்டி மாதிரியான பைகள் பிடிக்காமல் தனக்கென்று கித்தானில் ஒரு பை தைக்க வைத்தார். பஞ்சு மெத்தை அதிகம் இல்லாமல் இடுப்போடு ஒட்டிக்கொள்கிற பை. அதில் பட்டை பையின் இரண்டு ஓரத்தில் கொக்கியில் தொங்காது, பையின் அடிவழியாகச் சுற்றி வந்து பையோடு சேர்த்துத் தைத்திருக்கும். கனத்தைப் பட்டையே தாங்கும். இரண்டுமே நம் ஓய்வூதியத்துக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் யோசனைக்கு விலை கிடையாதே.

முத்தியால்பேட்டையில் ஸ்கூட்டர் சீட்டு உறையும் கடைகளுக்குக் கித்தான் படுதாவும் தைக்கிற ஒருவர் இருக்கிறார். தடித்த துணிக்கான மெஷின் வைத்திருப்பவர். ஒரு தாளில் படம் போட்டு எடுத்துப் போனேன். காக்கி நிறக் கித்தான். பட்டைக்கு என்ன போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அவரே மூலையிலிருந்து கட்டில் நாடாவை இழுத்துப் போட்டார். இரண்டு அங்குல அகலம், பருத்தி. வியர்வையை உறிஞ்சும், சட்டையில் வழுக்காது, கழுத்தை அறுக்காது. நம் வீட்டு நாடாக் கட்டிலில் படுத்து வளர்ந்த தோளுக்கு அது பழக்கப்பட்ட பொருள்தான்.

உள்ளே வைக்க மெத்தைக்கு எங்கே போவது? பழைய பெரிய பையை விரித்தேன். அதன் தடுப்புகள் ஒட்டி எடுக்கிற வகை. நல்லதாக நாலைப் பிரித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடியில் ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, நடுவில் ஒன்று. உடம்பைத் தொடுகிற பக்கம் மெத்தை வேண்டாம், வெறும் துணி போதும் என்றேன். அங்கே மெத்தை இருந்தால் பை இடுப்பைவிட்டு விலகி ஆடும். மூடிக்கு ஜிப் வேண்டாம், ஒட்டுப்பட்டையும் வேண்டாம் என்றேன். பூசை நேரத்தில் ஒட்டுப்பட்டையைப் பிரித்துப் பாருங்கள், மாதா கோயிலே திரும்பிப் பார்க்கும். முன்பக்கம் நீளமாகத் தொங்குகிற மூடி, அதற்கு ஒரு மரக்கட்டைப் பொத்தான். கையை விட்டால் காமிரா கைக்கு வரும்.

முதல் தடவை தைத்தபோது பட்டை நீளமாகிவிட்டது. பை தொடையில் இடித்துக்கொண்டே வந்தது. ஒரு சாண் குறைத்து, பையின் மேல்விளிம்பு இடுப்புக்குச் சரியாக வருமாறு தைத்த பிறகு, அதைத் தூக்குகிறோம் என்பதே மறந்துபோனது. வெறும் பை 420 கிராம். அதில் காமிராவும் 35 லென்சும் மட்டும் வைத்துக்கொள்கிறேன். அந்த லென்சு இந்தக் காமிராவில் ஏறக்குறைய நம் கண் பார்க்கிற மாதிரியே காட்டும், தெருவுக்கு அது போதும். ஊசுட்டேரிக்குப் போனால் மட்டும் 55-200 சேரும். கடையில் பார்த்தால் மளிகைப் பை என்பார்கள். அதுவும் ஒரு சௌகரியம், பேருந்தில் யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை. பலத்த மழைக்குத் தாங்காது. ஐப்பசி கார்த்திகையில் உள்ளே ஒரு பிளாஸ்டிக் உறை போட்டுக்கொள்கிறேன்.

நண்பருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும், அன்றைக்கு விட்டுப்போனது. பை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் காமிராவை அதிலேயே வைத்து அலமாரியில் பூட்டிவிடக் கூடாது. நம் ஊர்க் கடல் காற்றின் ஈரத்தை மெத்தையும் துணியும் பிடித்து வைத்துக்கொள்ளும். இருட்டும் ஈரமும் சேர்ந்தால் லென்சுக்குள் பூஞ்சை சிலந்தி வலை மாதிரி படரும். என் 18-55 அப்படித்தான் போயிற்று. வீட்டுக்கு வந்ததும் வெளியே எடுத்துத் துடைத்து, காற்றுப் புகாத மூடி போட்ட டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைக்க வேண்டும். நீலமாக இருக்கிற ஜெல் ஈரத்தைக் குடித்ததும் வெளிர்சிவப்பாகும், மெல்லிய சூட்டில் வறுத்தால் மறுபடி நீலமாகும். வறுப்பதற்குத் தனிச் சட்டி வைத்துக்கொள்ளுங்கள். நான் தோசைக் கல்லை எடுத்த அன்று வீட்டில் நடந்ததை இங்கே எழுதுவதற்கில்லை.

நண்பர் நேற்று என் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு துய்ப்ளே சிலை வரை நடந்து பார்த்தார். அவர் என்னைவிட நல்ல உயரம். பட்டையை ஒரு சாண் கூட்டச் சொல்ல வேண்டும். சனிக்கிழமை இரண்டு பேருமாக முத்தியால்பேட்டைக்குப் போகிறோம்.