'நார்மல்' என்று வந்தாலும்

அன்புள்ள செல்விக்கு,

நேற்று நீ அழுத அழுகையில் நான் போனில் சொன்னது ஒன்றும் காதில் ஏறியிருக்காது. அதனால்தான் எழுதுகிறேன். மாப்பிள்ளைக்கும் படிக்கக் கொடு.

அனாமலி ஸ்கேனில் 'டெட்ராலஜி ஆஃப் ஃபாலட்' என்று போட்டிருக்கிறார்கள். இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே ஓட்டை, நுரையீரலுக்கு ரத்தம் போகும் வழியும் குறுகல். பெரும்பாலும் ஒரு வயதுக்குள் ஆபரேஷன் செய்துவிடுவார்கள். என் கவலை வேறு. இந்தக் குறையோடு பிறக்கும் 100 பேரில் 10, 15 குழந்தைகளுக்கு 22-ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு விட்டுப்போயிருக்கும். டிஜார்ஜ் சிண்ட்ரோம் என்பது அதுதான்.

அது இருக்கிறதா என்று பார்க்கப் பனிக்குட நீர் எடுக்கச் சம்மதி. அதனால் கரு கலைவது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. ஆனால் 'கேரியோடைப்' மட்டும் எழுதிக் கொடுத்தால் விடாதே. மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் அதில் டவுன் சிண்ட்ரோம் தெரியும்; இவ்வளவு சின்ன விடுபடல் தெரியாது. 46 குரோமோசோமும் இருக்கிறது, நார்மல் என்று தாள் வந்துவிடும். மைக்ரோஅரே வேண்டும், இல்லாவிட்டால் 22-க்கென்றே செய்யும் ஃபிஷ் டெஸ்ட் வேண்டும் என்று வாய்விட்டுக் கேள். ரிசல்ட்டுக்கு இரண்டு வாரம்கூட ஆகலாம். 24 வாரம் தாண்டினால் கலைப்பதற்கு மெடிக்கல் போர்டுக்குப் போக வேண்டும், அதனால் இந்த வாரமே போ.

"தெரிந்து என்ன செய்ய?" என்றாய். கலைக்கத்தான் டெஸ்ட் என்று யார் சொன்னது? இந்த விடுபடல் உள்ள குழந்தைகளுக்குப் பிறந்ததும் கால்சியம் இறங்கி வலிப்பு வரலாம். தெரிந்திருந்தால் முதல் நாளே ரத்தத்தில் பார்ப்பார்கள். தைமஸ் சுரப்பி சிறுத்திருந்தால் எதிர்ப்புச் சக்தி குறையும். அது தெரியும்வரை பி.சி.ஜி. ஊசியைத் தள்ளிவைப்பார்கள், ஆபரேஷனில் ஏற்றும் ரத்தத்தையும் கதிர்வீச்சு காட்டியே ஏற்றுவார்கள். பேச்சும் படிப்பும் தாமதமாகலாம். எவ்வளவு என்று எந்த டெஸ்ட்டும் சொல்லாது. அதை மறைத்து உன்னைத் தேற்ற எனக்கு மனசில்லை.

கிரகணத்தன்று நீ காய் நறுக்கியதை உன் மாமியார் சொல்லிக்காட்டுகிறாராமே. அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பத்தில் ஒன்பது குடும்பங்களில் இந்த விடுபடல் பெற்றோரிடம் இருப்பதே இல்லை, குழந்தைக்குப் புதிதாக நேர்வது. மீதி ஒன்றுக்காகத்தான் உங்கள் இருவர் ரத்தத்தையும் கேட்பார்கள். இருவரில் ஒருவருக்கு இருந்தால் அடுத்த பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மாப்பிள்ளை முகம் சுளிக்காமல் கொடுக்கட்டும்.

வியாழக்கிழமை லீவு சொல்லிவிட்டேன், கூட வருகிறேன். உனக்கு ஓ நெகட்டிவ், நீர் எடுத்து முடித்ததும் ஆன்டி-டி ஊசி போடச் சொல்ல வேண்டும். அம்மாவிடம் நான் இன்னும் வாய் திறக்கவில்லை, நீயே சொல்.

அன்புடன்,
அக்கா